கையடக்கக் கமரா: பழுதும் மாற்றமும்

நமது கல்லூரி நூல்நிலையத்தின் வாயிற்சுவரிலே ஒரு நிழற்படம் மாட்டப்பட்டிருக்கிறது. வேப்பமர நிழலில், வெள்ளை வேட்டியும் சால்வையும் அணிந்து, கையிலே மடித்த குடையுடன் ஓர் ஆசிரியப் பெருந்தகை நிற்கின்றார். முப்பத்திரண்டு ஆண்டுகள் நமக்குக் கணிதம் புகட்டியவர் அவர். அன்னாரைக் கௌரவிக்கும் பொருட்டு எமது சங்கம் எடுத்த விழாவன்று அப்படம் பிடிக்கப்பட்டது. அன்று பிடித்த படங்கள் நூற்றுக்கு மேற்பட்டன. அவற்றுள் அன்னாரின் முகம் தெளிவாகத் தெரியும் படம் இஃது ஒன்றே. மண்டபத்தினுள் மாலை சூட்டியபோதும், பொன்னாடை போர்த்தியபோதும், அன்னார் பதிலுரை நிகழ்த்தியபோதும் பிடித்தவை யாவும் கலங்கியும் மங்கியும் போயின. அடுத்த முறை நல்ல கமராவினாற் பிடிப்போம் என்று எம்மை யாமே தேற்றிக்கொண்டோம். அடுத்த முறை வரவில்லை. ஐந்து திங்களுக்குள் ஆசிரியர் இறைவனடி சேர்ந்தார்.

அவ்வருத்தம் ஆறுமுன்னரே செயற்குழுவில் விவாதம் எழுந்தது. “கமரா பழுதாகிவிட்டது, புதியது வாங்குக” என்றனர் ஒரு சாரார். “திருத்தி வைத்துக்கொள்ளலாம், பணத்தை விரயஞ் செய்தல் தகாது” என்றனர் மறு சாரார். இரு சாராரும் ஒன்றை மறந்தனர். வேப்பமரத்தடியிற் பிடித்த தெளிவான படமும் மண்டபத்திற் பிடித்த கலங்கிய படங்களும் ஒரே கமராவினால், ஒரே நாளில், இரண்டு மணி நேர இடைவெளியில் எடுக்கப்பட்டவை. கருவி பழுதாயிருப்பின் இரண்டும் ஒருங்கே கெட்டிருத்தல் வேண்டுமன்றோ? இவ்வொரு குறிப்பே எம்மை ஆராய்ச்சியிற் புகுத்தியது. அதனால் யாம் அறிந்தவற்றை, இத்தகைய கமராவொன்றை அலுமாரியில் வைத்துக்கொண்டு எறிவதா வைப்பதா என மயங்கும் அன்பர்களுக்கும், நிழற்படக் கலை பழகும் மாணவர்க்கும் பயன்படுமாறு ஈண்டு எடுத்துரைப்போம்.

ஒரு படம் கெடுவதற்குக் காரணம் மூன்று. ஒன்று கருவியின் பழுது. மற்றொன்று கருவியின் எல்லை. இன்னொன்று கையின் பிழை. பழுது என்பது, செய்யவல்ல ஒன்றைக் கருவி செய்யாதொழிதல். எல்லை என்பது, எஞ்ஞான்றும் செய்யவியலாத ஒன்றை அதனிடம் நாம் எதிர்பார்த்தல். கைப்பிழை என்பது, கருவி செய்யவல்லதை நாம் செய்விக்கத் தவறுதல். பழுதுக்கு மருந்து திருத்தம். எல்லைக்கு மருந்து வேறு கருவி. கைப்பிழைக்கு மருந்து பயிற்சி. நோய் ஒன்றிருக்க மருந்து வேறொன்று கொடுத்தால் பணமும் போகும், நோயும் தீராது.

இவற்றை வேறுபடுத்தி அறிதற்குக் கமரா தொழிற்படும் முறையைச் சிறிது அறிதல் வேண்டும். முற்காலத்துக் கமராவிற் சுருட்படம் இருந்த இடத்தில், இக்காலத்துக் கமராவில் ஒளியுணரி என்னும் சிறு சில்லு இருக்கின்றது. வில்லையின் வழியே புகும் ஒளி அதன்மேல் விழுகின்றது. மழை பெய்யும்போது முற்றத்தில் வரிசை வரிசையாகக் குடங்களை வைத்து, மழை விட்டபின் ஒவ்வொரு குடத்து நீரையும் அளந்து எழுதுவதாகக் கொள்க. எவ்விடத்தில் எவ்வளவு மழை பெய்தது என்பது அக்கணக்கிலே தெரிந்துவிடும். ஒளியுணரியின் புள்ளி ஒவ்வொன்றும் ஒரு குடம், ஒளியே மழை, அளந்து எழுதிய கணக்கே படம். 12 மெகாபிக்சல் எனப்படுவது ஒரு கோடியே இருபது இலட்சம் குடங்களைக் குறிக்கும். இத்தகைய சில்லின் மூலக்கருத்தை 1969 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் வில்லர்ட் பொயில், ஜோர்ஜ் சிமித் என்னும் இருவர் வகுத்தனர். அதன்பொருட்டு 2009 ஆம் ஆண்டில் பௌதிகத்துக்கான நோபல் பரிசிற் பங்கு பெற்றனர். 1975 ஆம் ஆண்டில் கொடக் நிறுவனத்தின் பொறியியலாளர் ஸ்டீவன் சாசன் அமைத்த முதல் இலக்கமுறைக் கமராவில் இருந்த புள்ளிகள் பதினாயிரமே. ஒரு படத்தை ஒலிநாடாவிற் பதிய அதற்கு 23 விநாடி சென்றது. அன்று பருத்திருந்த அக்கருவியே பின்னர்ச் சட்டைப்பையில் அடங்குவதாயிற்று.

இனி, பழுதை ஆராயும் முறையைக் கூறுவோம். எளிதில் தீர்வதை முதலிலும் அரிதில் தீர்வதை இறுதியிலும் ஆராய்தல் நன்று.

முதலிற் பார்க்கவேண்டியது மின்கலம். வில்லைக் குழாய் வெளியே நீளாது பாதியில் நின்று, திரையிற் பிழை என்று காட்டுமாயின், குழாய் முறிந்தது என்று அஞ்சற்க. வலிகுன்றிய மின்கலம் குழாயை முழுதும் தள்ளமாட்டாமலும் அவ்வாறு நிகழும். மின்கலத்தை நன்கு மின்னேற்றி, அதன் உலோக முனைகளை உலர்ந்த துணியால் துடைத்து மீண்டும் இட்டுப் பார்த்தல் வேண்டும். மின்கலம் வீங்கியிருப்பின் அதனை மீண்டும் பயன்படுத்துதல் ஆபத்து, வேறு வாங்குக.

இரண்டாவது நினைவக அட்டை. படம் பாதி சாம்பல் நிறமாக வருதல், பிடித்த படம் காணாமற் போதல் ஆகியவை பெரும்பாலும் அட்டையின் குற்றம். வேறோர் அட்டையை இட்டால் உண்மை வெளிப்படும். ஈண்டு ஓர் எச்சரிக்கை: காணாமற் போன படம் உடனே அழிந்துவிடுவதில்லை. வேறொரு படம் அதன் இடத்திற் பதியும்வரை அது பெரும்பாலும் அட்டையிலேயே கிடக்கும். ஆகையால் அந்த அட்டையில் மேலும் ஒரு படமும் பிடியாது கழற்றி எடுத்து, கணினி அறிந்தார் ஒருவரிடம் கொடுத்தல் வேண்டும். இதனை அறியாமல், “சரி பார்ப்போம்” என்று மேலும் பத்துப் படம் பிடித்து, மீட்கக்கூடியவற்றையும் இழந்தவர் பலர்.

மூன்றாவது வில்லைக் குழாய். எமது கமராவும் ஒருமுறை இவ்வாறு நின்றது. விளையாட்டுப் போட்டியன்று மைதானத்து மணல் குழாயின் இடுக்கிற் புகுந்ததே காரணம். குழாயைக் கையாற் பிடித்து இழுத்தலும் தள்ளுதலும் ஆகா. உள்ளிருக்கும் பற்சக்கரங்கள் மிகச் சிறியவை. கமராவைக் குப்புறப் பிடித்து, றப்பர்க் காற்றுக்குமிழால் இடுக்குகளைச் சுற்றி மெல்ல ஊதினால் மணல் உதிரும். வாயால் ஊதினால் எச்சில் ஈரம் உட்செல்லும். எமது கமரா மூன்றாம் முறை ஊதியபின் அசைந்தது. அவ்வாறும் அசையாவிடின் திருத்துவோரிடம் செல்லவேண்டியதே. வீட்டிலே திருகாணிகளைக் கழற்றுதல் வேண்டா. பிளாஷ் விளக்குக்கென உள்ளே இருக்கும் கொள்ளளவி ஏறத்தாழ 300 வோல்ற்று மின்னைத் தாங்கியிருக்கும். மின்கலத்தை எடுத்தபின்னும் அது சிலகாலம் அங்கே தங்கும். தொட்டவரைத் தூக்கி எறியும்.

நான்காவது ஒளியுணரி. வானத்தைப் பிடிக்கும்போது ஒரே இடத்தில் எப்போதும் ஒரு கரும்புள்ளி வருமாயின் அஃது ஒளியுணரிமேற் படிந்த தூசி. வில்லையின் முன்புறத்துத் தூசி இவ்வாறு புள்ளியாகத் தோன்றுவது அரிது. படம் முழுதும் கருத்தோ, செந்நீலமாய் அலையலையாகவோ வருமாயின் சில்லே கெட்டதாகும். 2005 ஆம் ஆண்டில் இத்தகைய பழுது உலகெங்கும் வெளிப்பட்டது. ஒரு பெரிய உற்பத்தியாளர் செய்து பல நிறுவனங்களுக்கு விற்ற சில்லுகளில், உள்ளிருக்கும் நுண்கம்பிகள் வெப்பமும் ஈரமும் மிகுந்த இடங்களிற் கழன்றன. அந்நிறுவனங்கள் பழுதை ஒப்புக்கொண்டு, அத்தகைய கமராக்களை இலவசமாகத் திருத்திக் கொடுத்தன. வெப்பமும் ஈரமும் நமக்குப் புதியவையா? கடற்காற்றும் மாரிமழையும் உள்ள நம் நாட்டில், கமராவை மூடிய அலுமாரியில் மாதக்கணக்கில் வைத்தலே பழுதுக்கு வித்து. வில்லையின் உள்ளே சிலந்திவலைபோற் பூஞ்சணம் படரும். நாட்படின் அது கண்ணாடியின் மேற்பூச்சையே அரித்துவிடும். தோலுறை ஈரத்தை உறிஞ்சி வைத்திருப்பதால் அதனுள்ளே வைத்தல் நன்றன்று. காற்றுப்புகாத பெட்டியொன்றில் ஈரமுறிஞ்சும் சிலிக்காப் பொதியுடன் வைத்து, இரண்டு கிழமைக்கு ஒருமுறையாவது எடுத்துப் படம் பிடித்தால் கமரா நீடு வாழும்.

பழுதென்று துணிந்தபின் திருத்துவதா என்பது கணக்கு. கையடக்கக் கமராவில் வில்லைக் குழாய் தனித்தனி உறுப்பாகத் திருத்தப்படுவது அரிது, முழுத்தொகுதியாகவே மாற்றப்படும். பழைய மாதிரிகளுக்கு அத்தொகுதி கிடைப்பதும் அரிது. திருத்தச் செலவு, அதே தரத்துப் பழைய கமரா ஒன்றின் விலையிற் பாதிக்கு மேற்படுமாயின் திருத்தாது விடுதல் நன்று என்பது எமது கருத்து.

நிற்க. எமது கமராவை இம்முறைப்படி ஆராய்ந்தபோது, வானத்திற் தோன்றும் ஒரு தூசிப்புள்ளி தவிர வேறு பழுது காணப்படவில்லை. அவ்வாறாயின் மண்டபத்துப் படங்கள் ஏன் கெட்டன? இலக்கமுறைக் கமரா ஒரு நன்மை செய்கின்றது. படம் பிடித்த நேரம், ஒளித்துவாரத்தின் அளவு, ஒளி விழுந்த கால அளவு ஆகியவற்றைப் படத்துடனேயே எழுதி வைக்கின்றது. கணினியில் அக்குறிப்புக்களைத் திறந்து வாசித்தோம். வாசித்தபின் நெடுநேரம் ஒருவரோடொருவர் பேசவில்லை.

பதிலுரைப் படங்கள் யாவற்றிலும் வில்லை முழுதும் நீட்டப்பட்டிருந்தது. தூரத்துப் பொருளை அண்மையிற் காட்டுமாறு வில்லையை நீட்டும்போது, சிறு கமராக்களில் ஒளித்துவாரம் ஒடுங்கிவிடும். எமது கமராவில் நீட்டாதபோது அதன் எண் 2.8, முழுதும் நீட்டியபோது 5.6. எண் இருமடங்கானால் உட்புகும் ஒளி நான்கிலொன்றாகும். ஆகவே கமரா வேறு வழியின்றி, ஒரு விநாடியின் எட்டிலொரு பங்கு நேரம் திறந்திருந்தது. அவ்வளவு நேரம் கையும் நிலைத்து நில்லாது. பேசுபவர் தலையும் நிலைத்து நில்லாது. மேடையின் அருகே சென்று, வில்லையை நீட்டாமற் பிடித்திருந்தால், அதே விளக்கில், அதே கமராவில், முப்பதிலொரு பங்கு விநாடி போதுமாயிருந்திருக்கும். சில படங்களாவது தெளிந்திருக்கும்.

படம் பிடித்தோர் வேறு யாருமல்லர், யாமே. பெரியோர் அமர்ந்திருக்க அவர் முன்னே குறுக்கே நடத்தல் மரியாதையன்று எனக் கூசி, ஒன்பதாம் வரிசையில் நின்று வில்லையை நீட்டினோம். போதாதென்று பிளாஷ் விளக்கையும் எரித்தோம். சிறு கமராவின் விளக்கு மூன்று நான்கு மீற்றருக்கு அப்பாற் சென்று பயன்தராது. முன்வரிசையார் பிடரிகள் பளிச்செனத் தெரிய, மேடை இருண்டது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். செயற்குழுவில் “கமரா பழுது” என்று முதலிற் சொன்னவரும் யாமே என்பதை ஈண்டு ஒப்புக்கொள்ளுதல் கடமை.

கலங்கிய படத்தைக் கண்டால் அதன் கலக்கத்தையே மாணவர் கூர்ந்து நோக்குக. படத்தில் உள்ளன யாவும் ஒரே திசையில் இழுபட்டிருப்பின் கை அசைந்தது. சுவரும் நாற்காலியும் தெளிந்து, மாந்தர் மட்டும் கலங்கியிருப்பின் ஒளிபடு நேரம் நீண்டது. முகம் மங்கி, பின்னே உள்ள திரை தெளிந்திருப்பின் குவியம் தவறியது. எங்கும் ஒரு சோகை படிந்து, விளக்குகளைச் சுற்றி ஒளி பரந்திருப்பின் வில்லையிற் கைரேகை எண்ணெய் படிந்தது. இந்நான்கில் ஒன்றுக்கேனும் புதிய கமரா வாங்குவதால் மட்டும் தீர்வில்லை.

ஆயினும் குற்றம் முழுவதும் கையினதன்று. அருகே சென்று பிடித்திருப்பினும், எமது மண்டபத்தின் மங்கிய ஒளியில் அப்படங்கள் மணல் தூவியதுபோற் காணப்பட்டிருக்கும். இதுவே கருவியின் எல்லை. முற்றத்துக் குடங்களை மீண்டும் நினைக்க. சாரல் மழையில் வாயகன்ற குடம் நிரம்பும் அளவுக்கு வாயொடுங்கிய குடம் நிரம்பாது. சாதாரணக் கையடக்கக் கமராவின் ஒளியுணரி ஏறத்தாழ 6.2 மில்லிமீற்றர் நீளமும் 4.6 மில்லிமீற்றர் அகலமும் உடையது; பரப்பு 28 சதுர மில்லிமீற்றர். ஓர் அங்குலம் என வழங்கும் வகையின் பரப்பு ஏறத்தாழ 116. அதாவது நான்கு மடங்கு. வில்லை மாற்றக்கூடிய கமராக்களிற் பெரும்பாலானவற்றின் பரப்பு ஏறத்தாழ 367; அதாவது பதின்மூன்று மடங்கு. பழைய சுருட்படத்தின் முழு அளவாகிய 36க்கு 24 கொண்டவற்றில் 864, முப்பது மடங்கு. வெயிலில் எல்லாக் குடமும் நிரம்பிவிடுவதால் வேறுபாடு தெரியாது. ஆதலினாலேதான் வேப்பமரத்தடிப் படம் பெரிய கமராவிற் பிடித்தது போலவே சுவரில் விளங்குகின்றது.

இங்கே ஒரு மயக்கத்தை நீக்குதல் வேண்டும். கடைக்காரர் முதலிற் கூறுவது மெகாபிக்சல் எண்ணிக்கையே. ஆறங்குல நீளமும் நாலங்குல அகலமும் உள்ள படத்தை அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் அச்சிட, 1800ஐ 1200ஆற் பெருக்க, 22 இலட்சத்துக்கும் குறைந்த புள்ளிகளே வேண்டும். இத்தகைய மலரின் முழுப்பக்கத்துக்கும் 90 இலட்சம் போதும். 12 மெகாபிக்சல் உள்ளவர், எண்ணிக்கை கருதி மட்டும் 24 மெகாபிக்சல் தேடி ஓடுதல் வீண். ஒரே முற்றத்திற் குடங்களின் எண்ணிக்கையை இருமடங்காக்கினால் ஒவ்வொரு குடமும் சிறுக்குமேயன்றி மழை பெருகாது.

அப்படியாயின் எதனை வாங்குவது? கையடக்கக் கமராவின் காலம் பெரிதும் கழிந்துவிட்டது. உலக இலக்கமுறைக் கமரா ஏற்றுமதி 2010 ஆம் ஆண்டில் 12 கோடியைக் கடந்து உச்சமடைந்தது. 2020 ஆம் ஆண்டில் 90 இலட்சத்துக்கும் கீழே வீழ்ந்தது. கைத்தொலைபேசியே இம்மாற்றத்துக்குக் காரணம். விலைகூடிய கைத்தொலைபேசிகள் பலவற்றின் ஒளியுணரி, பழைய சிறு கமராவினதிலும் பெரிது. அன்றியும் அவை ஒரே நொடியிற் பல படங்களைப் பிடித்து ஒன்றாக்கி மணற்பொலிவைக் குறைக்கின்றன. ஆகவே நல்ல கைத்தொலைபேசி உடையவர், வீட்டுப் படங்களின்பொருட்டு, சிறிய ஒளியுணரி கொண்ட இன்னொரு கமராவை வாங்குவதாற் பெறும் பயன் சிறிதே. தூரத்துப் பறவையையோ மைதானத்தின் மறுகோடியில் ஓடும் வீரரையோ பிடிக்க விரும்புவோர்க்கே நீளும் வில்லை பயன்படும்.

பெறுவதானால், நீர் பிடித்த படங்களை எடுத்துவைத்து, எவை கெட்டன, எங்கே கெட்டன எனக் கணக்கிடுக. கெட்டவை வெயிலிலா, மண்டபத்திலா, ஓடுபவரிலா? உமது படங்களே உமக்கு வேண்டிய கருவியைக் கூறும். அயலார் கழுத்தில் தொங்குவது கூறாது.

எமது சங்கத்தின் கணக்கு இதுவாயிற்று: கெட்ட படங்களில் மிகப் பெரும்பாலானவை மண்டபத்தினுள் பிடித்தவை. பரிசளிப்பு விழாவும் நாவன்மைப் போட்டியும் நாடகமும் அங்கேயே நிகழ்வதால் அக்குறை என்றும் தொடரும். ஆகவே வில்லை மாற்றக்கூடிய, ஒருவர் பாவித்த கமரா ஒன்றை வாங்கினோம். அதனோடு நீளாத, 50 மில்லிமீற்றர் வில்லை ஒன்றையும் வாங்கினோம். அதன் துவார எண் 1.8. அஃது எமது பழைய வில்லை முழுதும் நீண்டபோது கொள்ளும் ஒளியினும் ஏறத்தாழப் பத்து மடங்கு ஒளியைக் கொள்ளும். அவ்வில்லை நீளாது, ஆகவே பிடிப்பவர் நடந்தே தீரவேண்டும். அதுவும் ஒரு நன்மை எனக் கருதினோம்.

பாவித்ததை வாங்குவோர், வில்லையின் ஒருபுறம் மின்சூளைப் பிடித்து மறுபுறம் நோக்கிப் பூஞ்சணம் உண்டா எனப் பார்க்க. வெறும் வானத்தை ஒடுங்கிய துவாரத்திற் பிடித்துப் புள்ளி உண்டா எனப் பார்க்க. அம்மாதிரிக்கு மின்கலம் இன்றும் கடையிற் கிடைக்குமா என்று கேட்க.

பழைய கமராவை எறியவில்லை. இப்போது அது மாணவர் கையில் உள்ளது. காலையில் மைதானத்திலும் மாலையில் கல்லூரித் தோட்டத்திலும் அதனாற் படம் பிடித்துப் பழகுகின்றனர். வானத்தின் மூலையில் அந்தத் தூசிப்புள்ளி இன்னும் விழுகின்றது. அதனை மரக்கிளையொன்றின்மேல் விழச்செய்து மறைக்கும் வித்தையையும் கற்றுவிட்டனர்.

முடிக்குமுன் ஒன்று. கமரா கெட்டால் வேறு வாங்கலாம். படம் கெட்டால் வாங்கமுடியாது. நல்ல படத்தை ஒரே அட்டையிலோ ஒரே கணினியிலோ வைத்தல், ஒரே ஓலைச்சுவடியைக் கூரையிற் செருகி வைத்தலை ஒக்கும். மூன்று பிரதி செய்து, ஒன்றையேனும் வேறோர் ஊரில் உள்ளவரிடம் கொடுத்து வைக்க. படத்தில் நிற்பவர் பெயரையும் ஆண்டையும் இடத்தையும் அன்றே எழுதி வைக்க. முகம் தெரிந்தும் பெயர் தெரியாத படங்கள் எமது சங்கத்தில் ஒரு பெட்டி நிறைய உள. அவர் யார் எனக் கூறவல்லார் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர்.

இந்த யூபிலி ஆண்டு விழாவிலும் மூத்த ஆசிரியர்களும் மூத்த மாணவர்களும் மேடை ஏறுவர். அவர்களைப் பிடிக்க விரும்பும் இளைஞர்க்கு யாம் கூறுவது ஒன்றே. உம் கையில் இருப்பது எக்கருவியாயினும் ஆகுக. ஒன்பதாம் வரிசையில் நில்லாதேயும். முன்னே நடந்து செல்லும். பெரியோர் பொறுத்துக்கொள்வர்.